ஓடுகிற பிள்ளைக்குச் சோறும் பயிற்சிதான்

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 18 வயது. மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன், உயர்தரம் படிக்கிறேன். 800 மீற்றரும் 1500 மீற்றரும் ஓடுகிறேன். போன வருடம் மாகாண மட்டத்தில் இரண்டாம் இடம். இந்த முறை தேசிய மட்டத்துக்குப் போயே தீர வேண்டும் என்று கடுமையாகப் பயிற்சி செய்கிறேன். காலை நாலரைக்கு எழும்பிக் கடற்கரையால் நாவலடிப் பக்கம் ஓடுவேன். பின்னேரம் வெபர் மைதானத்தில் சேரோடு பயிற்சி. ஒரு நாளும் லீவு எடுப்பதில்லை. பாரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று சேர் சொன்னதால் இரவுச் சோற்றை விட்டுவிட்டேன். முதலில் நேரம் நன்றாகக் குறைந்தது. இப்போது மூன்று மாதமாக 1500 மீற்றரில் 12 செக்கன் கூடிவிட்டது. ஏழு மாதமாக மாதவிடாயும் வரவில்லை. கூட ஓடுகிற அக்கா, நல்லாப் பயிற்சி செய்தால் அப்படித்தான் என்கிறார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தில் நோவு, இப்போது படுத்திருந்தாலும் நோகிறது. நித்திரை இல்லை. அம்மாவோடு எரிந்து விழுகிறேன். படிப்பது மனதில் நிற்பதில்லை. சில நாள் ஒன்றுமே வேண்டாம் போல இருக்கிறது. நான் மனதால் பலவீனமானவளா? இன்னும் கட்டுப்பாடாக இருக்க என்ன செய்ய வேண்டும்? அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது.

பதில்: மகள், மற்றக் கதையெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கால். நாளைக் காலை நாலரைக்கு எழும்ப வேண்டாம். ஓட வேண்டாம். மெதுவாகவும் வேண்டாம், மணலிலும் வேண்டாம்.

ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் வரும் நோவு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, எலும்பின் உள்ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரந்து நோகும். ஓடத் தொடங்கும்போது கூடுதலாக இருந்து, உடம்பு சூடேறக் குறையும். அது தொந்தரவுதான், ஆனால் பெரிய ஆபத்தில்லை. மற்றது, விரல் நுனியை வைத்து "இந்த இடம்" என்று காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நோகும். ஓட ஓடக் கூடும், பிறகு நடந்தாலும் நோகும், கடைசியில் படுத்திருந்தாலும் நோகும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது. எலும்பில் மயிரிழை போல வெடிப்பு விழுந்திருக்க நிறையச் சாத்தியம் உண்டு. ஸ்ட்ரெஸ் ஃபிரக்சர் என்று இதைச் சொல்வோம். விழுந்து முறிவதைப் போன்றதல்ல. ஒவ்வொரு ஓட்டத்திலும் எலும்பில் ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடம்பு இரவில் திருத்திக்கொண்டே வரும். திருத்துவதற்குப் பொருளும் நேரமும் இல்லாமல் போகும்போது சேதம் மட்டும் சேர்ந்துகொண்டு போகும்.

ஒன்றைக் கவனமாக நினைவில் வைத்திருங்கள். முதல் இரண்டு மூன்று கிழமைகளில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சாதாரணம். "படத்தில் ஒன்றுமில்லை" என்று கேட்ட சந்தோசத்தில் அடுத்த நாளே மைதானத்துக்குப் போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், நோவு இருக்கும்வரை ஓட்டம் இல்லை. இப்போது நிறுத்தினால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிழமையில் எலும்பு பொருந்திவிடும். நிறுத்தாமல் ஓடி முழுதாக முறிந்தால் அது வேறு கதை.

இனி, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன மாதவிடாய் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அக்கா சொன்னது பிழை. இதை உரத்துச் சொல்ல எனக்கு ஒரு கடனும் உண்டு. வேலைக்கு வந்த புதிதில், வலைப்பந்து விளையாடும் ஒரு பிள்ளைக்கு நானே அப்படித்தான் சொன்னேன்: "விளையாடுகிற பிள்ளைகளுக்கு இது வழமை, பயப்பட வேண்டாம்." ஒன்றரை வருடம் கழித்து அதே பிள்ளை பாதத்தில் இரண்டாவது முறிவோடு என் முன்னால் வந்து இருந்தாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், ஓட்டக்காரியாக இருந்தாலும் சரி, வீட்டில் இருப்பவளாக இருந்தாலும் சரி, காரணம் தேட வேண்டும். உங்களுக்கு ஏழு மாதம்.

உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் இறங்கினால் சிறுபோகத்தில் என்ன நடக்கும் என்று உங்கள் ஊர் விவசாயி யாரையும் கேளுங்கள். எல்லா வட்டைக்கும் தண்ணீர் திறக்க மாட்டார்கள். இருப்பதைக் கணக்குப் பார்த்து, சில கண்டங்களை விதைக்காமலே விடுவார்கள். உங்கள் மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அது பார்க்கும் வேலையும் அதுதான். நீங்கள் சாப்பிடுவதில் ஓட்டத்துக்குச் செலவானது போக என்ன மிஞ்சுகிறது என்று அது அளக்கிறது. அந்த மிச்சத்தில்தான் இதயம் துடிக்க வேண்டும், மூளை வேலை செய்ய வேண்டும், இரத்தம் ஊற வேண்டும், எலும்பு திருத்தப்பட வேண்டும். மிச்சம் போதாது என்று கண்டால், இன்றைக்கு உயிரோடு இருக்கத் தேவையில்லாத வேலையை முதலில் நிறுத்தும். சூலகத்துக்குப் போகும் சமிக்ஞை குறையும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் இறங்கும், மாதவிடாய் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் எலும்பும் கரையத் தொடங்கும். உங்கள் காலும் மாதவிடாயும் இரண்டு வேறு பிரச்சினைகள் இல்லை மகள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் வராமல் போனதால் காய்ந்த இரண்டு வயல்கள்.

1990களில் வைத்தியர்கள் இதைப் பெண் விளையாட்டு வீரர்களின் முக்கோணம் என்று அழைத்தார்கள்: போதாத உணவு, குழம்பிய மாதவிடாய், நலிந்த எலும்பு. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை இன்னும் விரித்து, ரெட்-எஸ் என்ற பெயரில் அறிவித்தது. விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை என்று பொருள். பெடியன்களுக்கும் இது வரும். எலும்போடு நிற்காது, இதயம், குடல், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் தொடும் என்று அந்த அறிக்கை சொன்னது. ஓட்டத்துக்குப் போக மிஞ்சும் சக்தி, கொழுப்பை நீக்கிய உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கலோரி இருந்தால் உடம்பு நிம்மதியாக வேலை செய்யும். 30க்குக் கீழே போனால் ஐந்து நாளிலேயே ஓமோன்கள் தடுமாறத் தொடங்குவதை இளம் பெண்களிடம் ஆய்வுகூடத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியனுப்பிய சாப்பாட்டையும் தூரத்தையும் வைத்து நான் போட்ட கணக்கு 15ஐக்கூடத் தொடவில்லை. இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். போனில் கலோரி எண்ணும் செயலி இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். உங்கள் நிறையையும் உயரத்தையும் நான் இங்கே அச்சிடாமல் விட்டது வேண்டுமென்றுதான். இதைப் படிக்கும் இன்னொரு பிள்ளை தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள், அது எனக்குத் தெரியும்.

மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரி 2013இல், 17 வயதில், மொஸ்கோ உலகப் போட்டியில் 1500 மீற்றர் இறுதி ஓட்டம் ஓடியவர். உங்கள் நிகழ்ச்சிதான். பாரத்தைக் குறை, இன்னும் குறை என்று அவரைச் சுற்றியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததையும், மூன்று வருடம் மாதவிடாய் வராமல் இருந்ததையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019இல் அவரே வெளியே சொன்னார். அந்த வருடங்களில் அவர் நேரம் குறையவும் இல்லை. பாரம் குறைந்தவுடன் முதல் சில கிழமைகள் கால் இலேசாகும், நேரமும் கொஞ்சம் குறையும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பிறகு தசை உருகத் தொடங்கும். உங்கள் 12 செக்கன் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

"நான் மனதால் பலவீனமானவளா?" என்ற கேள்வியைப் படித்துவிட்டு நான் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். பதில் எழுத இரண்டு நாள் எடுத்தது. இதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 நொவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை தொடங்கினார். போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று அறிவதற்காக, அந்த இளைஞர்கள் தாங்களாக விரும்பிப் பட்டினி இருக்க வந்தார்கள். உடம்பிலும் மனதிலும் திடமானவர்கள் என்று பரிசோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் வழமையான சாப்பாட்டில் ஏறத்தாழப் பாதி. கிழமைக்கு 35 கிலோமீற்றர் நடக்கவும் வேண்டும். என்ன நடந்தது? சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எரிந்து விழுந்தார்கள். கூட்டாளிகளை விட்டு விலகினார்கள். வெயிலிலும் குளிர்ந்தது. சோர்வும் துக்கமும் வந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தங்களுக்குப் படிக்க முடியவில்லை, மூளை வேலை செய்யவில்லை என்று முறையிட்டார்கள். ஆனால் அறிவுத்திறனை அளந்து பார்த்தபோது அது குறைந்திருக்கவில்லை. சாப்பாடு திரும்பக் கிடைத்து, பல மாதங்கள் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அவர்கள் பழைய ஆட்களானார்கள்.

அவர்கள் நடந்தது கிழமைக்கு 35 கிலோமீற்றர். நீங்கள் ஓடுவது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அம்மாவோடு எரிந்து விழுவதும், நித்திரை வராததும், பாடம் மனதில் நிற்காததும் உங்கள் குணத்தின் குறை இல்லை. பசித்த மூளை நடந்துகொள்ளும் முறை அது. உங்கள் படிப்பு எங்கும் போகவில்லை, மகள். சாப்பாடு வந்தால் அதுவும் வரும்.

அதோடு, "ஒன்றுமே வேண்டாம் போல" என்று எழுதியிருக்கிறீர்கள். பசியால் வந்திருக்கலாம், மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம். எது என்று கடிதத்தை வைத்து நான் முடிவு செய்யக் கூடாது. அந்த எண்ணம் உயிரோடு இருக்க வேண்டாம் என்ற பக்கம் எப்போதாவது திரும்பினால், ராத்திரி எத்தனை மணி என்றாலும் அம்மாவை எழுப்புங்கள். 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவி, தமிழிலும் பேசலாம். தலைசுற்றி விழுந்தால், நெஞ்சு படபடத்தால் 1990 அம்புலன்ஸ்.

கட்டுப்பாடு பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாளும் லீவு எடுக்காததைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. தசையும் எலும்பும் இரத்தமும் ஓடும்போது பலப்படுவதில்லை. ஓடும்போது அவை தேய்கின்றன, சாப்பிட்டு உறங்கும்போது முன்பைவிடப் பலமாகக் கட்டப்படுகின்றன. ஓய்வை வெட்டியவர் பயிற்சியின் பாதியை வெட்டிவிட்டார். ரோஜர் பனிஸ்டர் என்ற வைத்திய மாணவன் 1954 சித்திரையில் கால் மைல் ஓட்டங்களை 61 செக்கனுக்குக் கீழே இறக்க முடியாமல் கிழமைக்கணக்காகத் திணறினார். இன்னும் கடுமையாக ஓடுவோம் என்று அவர் நினைக்கவில்லை. ஓட்டத்தை விட்டுவிட்டு நண்பரோடு ஸ்கொட்லாந்து மலைகளுக்குப் போனார். சில நாள் கழித்து வந்து ஓடியபோது 59. அடுத்து வந்த வைகாசி 6ஆம் திகதி, ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதன் அவர்தான்: 3 நிமிடம் 59.4 செக்கன்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உங்கள் ஊரைத் தாண்டித்தானே நடக்கிறார்கள். அவர்களைவிடக் கட்டுப்பாடானவர்கள் யார்? ஆனால் கோயிலுக்குக் கோயில் தங்கி, அன்னதானம் சாப்பிட்டு, படுத்தெழும்பித்தான் நடக்கிறார்கள். உகந்தை முருகன் கோயிலில் இருந்து அரிசியும் பருப்பும் தண்ணீரும் கட்டிக்கொண்ட பிறகுதான் குமண காட்டுக்குள் இறங்குகிறார்கள். வெறும் வயிற்றோடு காட்டுக்குள் இறங்குவதைப் பக்தி என்று எந்தச் சாமியும் சொல்லாது.

இந்த வருட மாகாணப் போட்டி உங்களுக்கு இல்லை. இதை வேறு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், வழி தெரியவில்லை. 2023இல் தருஷி கருணாரத்ன ஆசிய விளையாட்டில் 800 மீற்றர் தங்கம் எடுத்தபோது அவருக்கும் 18தான் என்று நீங்கள் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சுசந்திகா சிட்னியில் ஒலிம்பிக் பதக்கம் எடுத்தபோது அவருக்கு 24. நடுத்தர தூரம் ஓடுகிறவர்களில் பலர் உச்சத்துக்கு வருவது இருபதுகளின் நடுவிலும் அதற்குப் பிறகும்தான். உங்களுக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. ஆனால் எலும்பைச் சேமிக்கும் வயது இது ஒன்றுதான், அதைத் தவறவிட்டால் முழுதாகத் திரும்பக் கிடைக்காது.

சேரைப் பற்றி. அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பின்னேரம் பின்னேரமாகத் தன் நேரத்தைக் கொடுத்து ஊர்ப் பிள்ளைகளை ஓட வைக்கிறவர். பாரம் பற்றி அவர் சொன்னது பிழை, அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் பிழையாகத்தான் சொல்லியிருப்பார்கள். மாதவிடாய்க் கதையை நேரே அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், வைத்தியர் ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார் என்று கடிதத்தைக் கொடுங்கள், மிச்சத்தை அம்மாவோ விளையாட்டுக்குப் பொறுப்பான மிஸ்ஸோ பேசட்டும். இந்தப் பகுதியைப் படிக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கு ஒன்று: பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறை பார்த்து உரத்து வாசிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பெண்பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் இடத்தில் அவர்கள் நம்பிப் பேச ஒரு பெண் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இரவுச் சோறு இன்றிரவே திரும்பி வர வேண்டும். பிட்டு, இடியப்பம், ரொட்டி எதுவானாலும் சரி, கறியோடு. எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் காலைச் சாப்பாடு, வெறும் தேத்தண்ணி சாப்பாடு இல்லை. இடைவேளைக்கு ஒரு பை கச்சான், அவித்த கௌபி அல்லது பயறு, இரண்டு வாழைப்பழம். மதியம் சோற்றைக் குறைக்காமல் மீன், பருப்பு, கீரை. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியம். எங்கள் மாவட்டத்தைப் போலத் தயிர் கிடைக்கும் இடம் நாட்டில் குறைவு, நாளுக்கு ஒரு கோப்பை வையுங்கள். முட்டை ஒன்று, முடிந்தால் இரண்டு. முருங்கைக் கீரையோ பொன்னாங்காணியோ சாப்பிடும்போது தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால், கால் நோவு மாறும்வரை அம்மனிடம் தவணை கேளுங்கள். முதல் கிழமைகளில் வயிறு ஊதும், சாப்பிட்டது குற்றம் போல மனம் உறுத்தும். பயம் தாங்க முடியாமல் இருந்தால், அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினால், அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

போதனா வைத்தியசாலை ஓபிடியில் கால் நோவையும் மாதவிடாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பாதி வைத்தியம்தான் கிடைக்கும். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். கோபப்பட வேண்டாம், மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும் அதுதான் வழமை. இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, தைரொயிட் போன்றவை பார்ப்பார்கள், ஸ்கேனும் செய்யலாம். ரெட்-எஸ் என்று முடிவு செய்வது மற்றக் காரணங்கள் இல்லை என்று கண்ட பிறகுதான். மாதவிடாயை வரவைக்க ஓமோன் குளிசை மட்டும் தந்தால், அது சாப்பாட்டுக் குறைக்கு மருந்தாகுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். குளிசையால் இரத்தம் வரும், உள்ளே இருக்கும் பற்றாக்குறை அப்படியே இருக்கும். சாப்பாடும் ஓய்வும் சரியானால் தானாகவே வரும், சில பேருக்கு மூன்று நான்கு மாதம், சில பேருக்கு அதைவிடக் கூட. திரும்பி ஓடுவது நடையில் தொடங்கி, நடையும் ஓட்டமும் கலந்து, கிழமைக்குக் குறைந்தது ஒரு முழு ஓய்வு நாளோடு. அந்த அட்டவணையை இயன்மருத்துவர் போட்டுத் தருவார்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெரியபிள்ளையானபோது உளுந்தும் நல்லெண்ணெயும் முட்டையும் தந்து, எலும்பு பலக்கட்டும் என்று உங்களைப் பார்த்துக்கொண்டது யார்? இதில் விளங்காத ஒன்றும் அம்மாவுக்கு இல்லை. வாயால் சொல்ல வராவிட்டால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். கடைசிப் பந்தி அவருக்கு.

அம்மா, பிள்ளையை ஏச வேண்டாம். ஓட்டத்தை நிறுத்தப் போவதாகவும் சொல்ல வேண்டாம், அவள் திரும்ப ஓடுவாள். நாளைக் காலையே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கிளினிக் கொப்பி இருந்தால் எடுத்துப் போங்கள், கடைசியாக மாதவிடாய் வந்த திகதியை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் கூட்டிப் போக வேண்டாம். சாப்பிடாமல் வர வேண்டிய இரத்தப் பரிசோதனை ஏதும் இருந்தால் அவர்கள் வேறு திகதி தருவார்கள். நாளைக்குப் பிட்டும் மீன்கறியும் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடித்த பிறகு புறப்படுங்கள்.